மதகுப் பாட்டு

"இனி ஒரு எழுத்தைக்கூட மாத்த மாட்டேன். தலையே போனாலும் மாத்த மாட்டேன்!"

வயிரவன் ஓலையைப் பூதநாச்சியாரின் முன்னால் போட்டான். அந்த அம்மையாரிடம் பாட்டெழுதக் கற்றுக்கொள்ள வந்த சீடன்தான். ஆனால் குருவைவிட வயதில் மூத்தவன், ஊருக்குத் தலைவன், மீசை நரைத்த ஆள்.

ஊர் ஏரியின் மதகை அரசன் அடைத்துவிட்டான். தண்ணீரெல்லாம் அவனுடைய பூந்தோட்டத்துக்குப் போகிறது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வெடித்துக் கிடக்கிறது. அரசனிடம் முறையிடுவதென்றால் பாட்டாகத்தான் முறையிட வேண்டும். அந்த நாட்டு வழக்கம் அப்படி. பயிருக்கு இதெல்லாம் தெரியுமா?

வயிரவன் கொண்டுவந்த ஒவ்வொரு ஓலையையும் அம்மையார் படித்தார். "திரும்ப எழுதுங்க" என்று அடுப்பில் செருகினார். அந்த ஓலையில்தான் அன்றைக்குக் கஞ்சி கொதித்தது.

"விடிஞ்சா அரசனோட கொலு கூடுது. இதை விட்டா அடுத்த கொலு அறுவடைக்கு அப்புறம்தான். அறுக்க என்ன இருக்கும்? வாசல்ல வண்டி நிக்குது. நீங்க சொல்லைச் செதுக்கிக்கிட்டே இருங்க, அங்கே பயிர் சாகட்டும்!"



வெயிலில் வந்தவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"முதல்ல குடிக்கத் தண்ணி கொடுங்கம்மா."

அவர் சொம்பில் தண்ணீர் மொண்டார். கொடுக்கவில்லை. மடியில் வைத்துக் கையால் மூடிக்கொண்டார்.

"ஓலையைப் படிங்க. தர்றேன்."

இதென்ன கூத்து என்றிருந்தது அவனுக்கு. ஆனாலும் குருவின் சொல்லாயிற்றே. படித்தான்.

"முழுமதி நாணும் வெண்குடை வேந்தே..."

குடை முடிந்து தோள் வந்தது. தோள் முடிந்து யானை வந்தது. யானைக்குப் பிறகு அதன் தந்தம் வந்தது. தண்ணீரைத்தான் காணோம். தொண்டை அடைத்து இருமினான்.

"நல்லாயிருக்கே. மேலே படிங்க."

வந்ததே கோபம் வயிரவனுக்கு! ஓலையை வீசி எறிந்தான்.

"யானையும் ஆச்சு, தந்தமும் ஆச்சு! இங்கே தொண்டை காயுது, தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டுப் பாட்டா கேக்குறீங்க? இது யாரு தண்ணி? உங்க கிணத்துல இறங்கித் தூர் வாரினவனே நான்தான்! கையை எடுங்க!"

அம்மையார் கையை எடுத்தார்.

மடமடவென்று குடித்தான். சொம்பைக் கீழே வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் முன்னால் புது ஓலையும் எழுத்தாணியும் இருந்தன.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே அம்மா! இத்தனை நாள் வீணாப் போச்சே!"

"முதல் நாள் நீங்க என்னைக் கேட்டது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"குடை நல்லா வந்திருக்கான்னு கேட்டேன்."

உட்கார்ந்தான். எழுத்தாணி நிற்காமல் ஓடியது.

'ஏரியை வெட்டியது எங்கள் கை. மதகை அடைத்தது உன் கை. தயவுகூர்ந்து கையை எடு.'

அவ்வளவுதான். இப்படியொரு ஓலை அந்தக் கொலுவில் ஏறியதே இல்லை. படிப்பவன் தலை கழுத்தில் நிற்குமா என்பதும் தெரியாது. வயிரவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அம்மையார் படித்தார். அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.

"போதும்" என்றார். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி தடவ, கரிமைக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

வாசலில் வண்டிக்காரக் கடம்பன் கத்தினான். "அண்ணே, பொழுது சாயுது! கிளம்பலையா?"

மையைத் தொட்ட விரல் ஓலைமேல் படாமல் நின்றது. வயிரவன் கடைசி வரியை இன்னொரு முறை படித்தான். எழுந்துபோய் அந்த ஓலையைத் தன் கையாலேயே அடுப்பில் செருகினான். வேறொன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பொறுடா. ஒரு சொல் கூடுதலா விழுந்திருக்கு."