அணில் தோல் அச்சாரம்

ஃபின்னிஷ் வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பியாயிற்று. இசக்கியம்மாள் மட்டும் பெஞ்சை விட்டு எழவில்லை.

நர்ஸ் வேலையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவள். ஃபின்லாந்தில் முதியோர் இல்லத்துக்கு ஆள் வேண்டுமாம். போனால் இரண்டு வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. கடைக்குட்டி பால் மறந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. நாளைக்குக் கையெழுத்து.

எஸ்தர் டீச்சர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். அந்தக் குளிரில் நாலு வருஷம் கிடந்து திரும்பியவள். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது.

"டீச்சர், ஒப்பந்தத்துல ஒரு வார்த்தை புரியல. கேஸிரஹா."

"அச்சாரம்க்கா. கேஸின்னா கை. ரஹான்னா?"

"பணம். இதுகூடத் தெரியாமலா மூணு மாசமா முட்டி மோதுறேன்?"

"இப்போ பணம். ஆதியில தோல்."

"என்ன தோல்?"

"மிருகத்தோட தோல். ரோமத்தோட உரிச்சது. அந்தக் காட்டுச் சீமையில அணில் தோலைக் கொடுத்துத்தான் வேணுங்கிறத வாங்கினாங்க, வரி கட்டினாங்க. கடைசியில தோலோட பேரே பணத்துக்கு நிலைச்சுப்போச்சு."

இசக்கி சிரித்துவிட்டாள். "நம்ம ஊரு அணில் முதுகுல ராமர் கோடு போட்டாரு. அங்கே கத்தியப் போட்டுட்டாங்களாக்கும்!"

டீச்சர் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அச்சாரம் வந்தாச்சா?"

"பத்து நாளாச்சு."

"யாரு கொடுத்தா?"

"ஏஜெண்டு."

"யாரு வாங்கினா?"

இசக்கியின் முகம் தொங்கிப்போனது. "எங்க வீட்டுக்காரரு. நான் டூட்டியில இருந்தேன். வந்து பாக்கேன், பீரோவுல இருந்த என் ஒரிஜினல் சர்டிபிகேட்டு அம்புட்டையும் தூக்கிக் கொடுத்துட்டு, வந்த பணத்துல கொழுந்தனுக்குப் புது ஆட்டோவும் புக் பண்ணிட்டு, காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா?"

"கேக்கணும்னே அவருக்குத் தோணல. பிள்ளைய அவுக அம்மா பாத்துக்கிடுவாகளாம்."

வெளியே தூறல் பிடித்திருந்தது. டீச்சர் ஜன்னலைச் சாத்தினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

இசக்கி ஒப்பந்தத்தை மடியில் வைத்து, மடிப்பை நீவி நீவி விட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கொடுத்தது ஒரு கை. வாங்கினது ஒரு கை. இதுல நான் எங்கே இருக்கேன் டீச்சர்?"

எஸ்தர் விளக்கை அணைக்கப் போனவள், அணைக்காமல் திரும்பினாள்.

"அணில் இப்படிக் கேக்கலக்கா."