உப்புக்கு வந்த அரிசி

வெளிநாட்டுச் சரக்கு நுழையாதபடி துறைமுகத்தைச் சுற்றி மதில் கட்டச் சொன்னார் ஒரு திவான். செலவுக்குக் காசு வேண்டுமே! தோணிக்காரன் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"நம்ம உப்பை அக்கரையில வித்துட்டு வா. அந்நியப் பொருள் ஒண்ணு கரையில இறங்கினாலும் தோணி பறிமுதல்!"

போன இருளப்பன், தோணியைக் கடலிலேயே நிறுத்திவிட்டு நீந்தி வந்தான், ஈர வேட்டியும் வெறுங்கையுமாக.

"காசு எங்கேடா?"

"அந்த நாட்டு ராஜா தலை போட்ட காசுங்க எசமான். அதுவும் அந்நியப் பொருள்தானே? அங்கேயே அரிசியா மாத்திட்டேன்."

"அரிசி?"

"தோணியில இருக்கு. இறக்கத்தான் உத்தரவில்லை."

வெளியே கொத்தனார்கள் கூலி அரிசி கேட்டுக் கூச்சல் போட்டார்கள். திவான் தொண்டையைக் கனைத்தார்.

"இருளப்பா, மதில்ல வாசல் எவ்வளவு அகலம் வைக்கலாம்?"