கரையில் கிடைத்த பெட்டி மூடி

நரி வையாபுரி புதையல் எடுக்கும் நாளில் குளத்தைச் சுற்றி உட்கார இடம் கிடைக்காது. மான்கள் முன்வரிசையில் நிற்கும். முயல்கள் அவற்றின் கால்களுக்கு இடையே புகுந்துகொள்ளும். குரங்குகளுக்கு மரக்கிளை. வர முடியாதவர்களுக்கு மைனா கனகவல்லி இருந்தாள். நடப்பதை அவள் உரக்கச் சொல்வாள்; அடுத்த மரத்து மைனா அதை வாங்கிச் சொல்லும்; இப்படி மரத்துக்கு மரம் தாவி, காட்டின் கடைசிப் புதர்வரை செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து வையாபுரியின் பாறையடியில் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

வையாபுரி மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிப்பான். ஓரிடத்தில் தோண்டுவான். வெறும் மண். கூட்டம் உச்சுக்கொட்டும். இன்னோரிடத்தில் தோண்டுவான். அங்கும் மண்தான். மூன்றாவது இடத்தில் அவன் நகம் எதிலோ பட்டு 'டக்'கென்று சத்தம் கேட்கும். உடனே எடுத்துவிட மாட்டான். தோண்டுவதை நிறுத்திவிட்டு, மெதுவாகத் தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்ப்பான். முயல்களுக்கு மூச்சு நின்றுவிடும். பிறகுதான் ஒரு செப்புச் சிமிழோ, மரச்சீப்போ, பித்தளை மணியோ வெளியே வரும். ஆயிரம் வருஷத்துச் சாமான் என்று கனகவல்லி கூவுவாள்.

அவை காட்டோரக் கோயிலுக்கு வந்த ஜனங்கள் போன வருஷம் தவறவிட்டுப்போன சாமான்கள். இது காட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் வையாபுரி. இன்னொருவன் பெருச்சாளி மூக்கன். பொறுக்கிவந்து புதைத்து வைப்பது மூக்கனின் வேலை.

அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மேலிருந்து பள்ளம் தோண்டிப் புதைத்தால் புது மண் காட்டிக்கொடுத்துவிடும். மூக்கன் பத்தடி தள்ளி ஒரு புதருக்குள் வளை தோண்டுவான். பூமிக்கு அடியிலேயே போய், சாமானைக் கீழிருந்து மேலே தள்ளிச் செருகிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவான். மேலே ஒரு புல்கூட அசைந்திருக்காது. புல்வேர் அறாத மண்ணுக்குள் இருந்து சாமான் வருவதைப் பார்த்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

கூலி, தினம் இரண்டு விளாம்பழம். மூக்கனின் மனைவி வடிவு ஆறு குட்டி போட்டிருந்தாள். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அவளால் இரை தேடி வெளியே போக முடியாது. ஆரம்பத்தில் மூக்கனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. வையாபுரி ஒரே வார்த்தையில் அதைத் தீர்த்துவைத்தான்.

"வேடிக்கைதானேப்பா. யாருக்கு என்ன நஷ்டம்?"

இருபது நாள் போனது. சீப்பும் சிமிழும் கூட்டத்துக்குச் சலித்துப்போயின. முள்ளம்பன்றி ஒன்று பாதியில் எழுந்துபோனது. பாறையடியில் பழங்கள் குறைந்தன. வையாபுரி யோசித்தான். ஒரு பழைய மரப்பெட்டியின் மூடியை மூக்கனிடம் கொடுத்து, இதைக் குளத்துக் கரையில் செருகு என்றான். நாலு பக்கமும் இருந்து பார்க்கத் தோதான இடம் அதுதானாம்.

மூக்கன் குளத்தைத் திரும்பிப் பார்த்தான். ஐப்பசி மழையில் குளம் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அவன் வளையோ அதே கரையின் வெளிப்புற அடிவாரத்தில்.

"கரையில வேண்டாம் அண்ணே. வேற எங்க வேணும்னாலும் செருகுறேன்."

"மூடி மட்டும்தானே? ஒரு சாண் பள்ளத்துல எடுத்துருவேன். பெட்டியை அப்புறம் காட்டுக்குள்ள எங்கயாவது எடுத்துக்கலாம். விளாம்பழம் மூணா வாங்கிக்க."

மூக்கன் தன் வழக்கப்படியே செய்தான். கரையில் புதிதாக வளை தோண்ட மறைவிடம் இல்லை. அதனால் தன் வீட்டுக்குள்ளிருந்தே மேல்நோக்கித் தோண்டிக்கொண்டு போனான். கரையின் வயிற்றுக்குள்ளே ஏறி, உச்சிப் புல்லுக்குக் கீழே மூடியைச் செருகிவிட்டு இறங்கிவந்தான்.

மறுநாள் மாலை மூடி கிடைத்தது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. வையாபுரி பாறைமேல் ஏறி, மூடி இருந்தால் பெட்டி இருக்கும், பெட்டி இருந்தால் அதற்குள் என்னென்னவோ இருக்கும், நாளை மாலை பார்ப்போம் என்று சொல்லி இறங்கிவிட்டான். மைனாக்கள் அதைக் காடு முழுக்கக் கொண்டுபோயின. அன்று பாறையடியில் பழம் குவிந்தது.

நாளை மாலைவரை பொறுக்க முடியாதவர்கள் இருப்பார்கள் என்று வையாபுரி நினைக்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் மூக்கன் குட்டிகளோடு படுத்திருந்தான். கூரையிலிருந்து கொஞ்சம் மண் அவன் மூக்கில் விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். தலைக்குமேல் பறண்டும் சத்தம். ஒரு கால் இல்லை, பல கால்கள்.

வெளியே ஓடிப் பார்த்தான். கரையின் மேல் காட்டுப்பன்றி சடையாண்டி குடும்பத்தோடு நின்று கோரைப்பல் கொம்பால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். முயல்கள் மண்ணைப் பின்னால் தள்ளின. கனகவல்லி கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு சாண் ஆழத்தையும் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

மூக்கன் பாறைக்கு ஓடினான். வையாபுரி நிழலில் படுத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, கரை போயிரும். என் பிள்ளைங்க கீழ இருக்கு. பெட்டி இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"சொல்லலாம். இருபது நாளா எடுத்ததெல்லாம் என்னன்னு கேப்பாங்களே, அதுக்கு நீ பதில் சொல்றியா?" வையாபுரி வாலைச் சுருட்டிக்கொண்டான். "விடு. கை வலிச்சா தானா நிறுத்துவாங்க."

மூக்கன் திரும்பி ஓடினான். வளைவாசலில் குனிந்து, குட்டிகளைத் தூக்கு என்று வடிவிடம் கத்தினான். ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தான் அவளால் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போக முடியும். ஆறு குட்டிக்கு ஆறு நடை. அதுவரை கரை தாங்க வேண்டும்.

அவன் கரைமேல் ஏறி, பன்றியின் காலுக்கு முன்னால் போய் நின்றான். பெட்டி கிடையாது என்றான். மூடியை வைத்தது நான் என்றான். யாரும் தோண்டுவதை நிறுத்தவில்லை. இன்னொரு முறை சொன்னான். சடையாண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஏண்டா, நேரா இதுக்குக் கீழதான உன் வீடு? நாங்க போனதும் ஒத்தையா அமுக்கலாம்னு பாக்குறியா?"

முயல்கள் சிரித்தன. பெருச்சாளி புதையலை மறைக்கப் பார்க்கிறது என்று கனகவல்லி கூவினாள். அது மரத்துக்கு மரம் போனது. காட்டுக்குள்ளிருந்து இன்னும் பத்துப் பேர் ஓடிவந்து தோண்டலில் சேர்ந்துகொண்டார்கள். மூக்கன் வாயைத் திறந்ததில் கண்ட பலன் அதுதான்.

அப்போது சடையாண்டியின் கொம்பு ஒரு வெற்றிடத்தில் இறங்கியது.

"உள்ள பொந்து இருக்கு," என்றான் அவன். அவன் குரலே மாறிப்போயிற்று. "அறை கட்டி வச்சிருக்காங்க."

கூட்டம் நெருக்கியடித்தது. அந்த 'அறை' என்ன என்று மூக்கனுக்குத் தெரியும். அது அவன் தோண்டிய வழி. அதன் மறுமுனையில் அவன் குட்டிகள் கிடக்கின்றன. குளத்துப் பக்க மண் இன்னும் ஒரு முழம் சரிந்தால், தண்ணீர் வேறு வழி தேட வேண்டியதே இல்லை.

சொல்லிப் பயனில்லை என்று அவனுக்கு விளங்கியது. உருண்டு விழுந்து கீழே ஓடி, வீட்டுக்குள் நுழைந்தான். வடிவு நான்காவது குட்டியோடு வெளியே போய்க்கொண்டிருந்தாள். மிச்சம் இரண்டும் இருட்டில் முனகின. அவற்றைத் தாண்டி, தான் தோண்டிய வழியில் ஏறினான். மண் காலில் ஒட்டியது. நேற்று காய்ந்திருந்த சுவர் இன்று ஈரமாக இருந்தது. பாதி வழியில் ஒரு சொட்டு அவன் முதுகில் விழுந்தது. மேலே கொம்பு குத்தும் சத்தம். தன் தலை வெளியே வரும் நேரம் பார்த்து அது இறங்கினால் கதை முடிந்தது. அவன் நிற்கவில்லை.

சடையாண்டி பொந்துக்குள் எட்டிப் பார்த்தான். பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மூக்கு வந்தது. பிறகு மீசை. பிறகு மண் அப்பிய முகம்.

"புதையல் நான்தான் அண்ணே," என்றான் மூக்கன். "எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

ஒரு முயல் மெல்லக் கேட்டது, அப்போ அந்தச் சீப்பு? நான்தான் வச்சேன். சிமிழ்? அதுவும் நான்தான். சடையாண்டி தான் கிளறிப்போட்ட மண்ணையும், தளும்பி நிற்கும் குளத்தையும், பொந்தையும் வரிசையாகப் பார்த்தான். அப்போதுதான் பள்ளத்தின் பக்கச் சுவரில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

மூக்கனை வாயால் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, சடையாண்டி பள்ளத்துக்குள் உட்கார்ந்தான். அவன் உடம்பு பொந்தை அடைத்தது. மற்றவர்கள் தோண்டிய மண்ணையெல்லாம் திரும்ப வாரிப் போட்டார்கள். கீழே வடிவு ஆறாவது குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு, அந்த வளையையும் கல்லும் களிமண்ணும் கொண்டுவந்து அடைத்தார்கள். திணித்தவன் மூக்கனேதான். தன் வீட்டைத் தானே மூடினான். கரை நின்றது.

நான்கு நாள் கழித்து, ஒரு வேரின் அடியில் குட்டிகளோடு ஒண்டிக்கொண்டிருந்த மூக்கனைத் தேடி வையாபுரி வந்தான். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. புதையலை இனி யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் கரை காத்த கதையைக் காடே பேசுகிறது, அதை மறுபடி ஒரு தடவை நடத்திக் காட்டலாம் என்றான்.

"நீ பொந்துக்குள்ள இருந்து தலையை நீட்டணும். அவ்வளவுதான். பொந்தை நானே தோண்டித் தர்றேன்."

"எங்க?"

"கரையிலதான். வேற எங்க தோண்டினா நிஜம் மாதிரி இருக்கும்?"

மூக்கன் பக்கத்துப் புதரின் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"சடையாண்டி அண்ணே, இங்க வந்து இவரு சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

புதர் அசைந்தது. கொம்பு வெளியே தெரிவதற்குள் வையாபுரி இரண்டு மேடு தாண்டிவிட்டான்.

வேடிக்கைக்காகச் சொன்ன பொய்யானாலும் அதை நம்பியவன் நிஜ மண்ணைத்தான் தோண்டுவான். ஆகவே பொய்க்குத் துணைபோகிறவன், அந்த மண்ணுக்குக் கீழே தன் வீடும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.