ஏழு லைன் யார்டு

திருச்சியில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு ரயில்வே வைத்திருந்தார்கள். எஞ்சின் உள்ளங்கையில் அடங்கிவிடும். வேகன் ஆள்காட்டி விரல் நீளம்.

அந்த ரயில்வேக்குச் சொந்த இடம் கிடையாது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில் நாலடிப் பலகை ஒன்றின் மேல் தண்டவாளம் போட்டு, அதைச் சுற்றி ஊரோ காடோ ஆறோ கட்டி வைத்திருப்பார்கள். கண்காட்சி வந்தால் எல்லாரும் தங்கள் பலகையைத் தூக்கி வந்து முனையோடு முனை சேர்ப்பார்கள். பெரிய வட்டம் ஒன்று உண்டாகிவிடும். வண்டி ஒருவருடைய ஊரில் கிளம்பி, இன்னொருவருடைய காட்டைத் தாண்டி, மூன்றாமவருடைய பாலத்தில் ஏறும்.

அவர்களுக்குத் தலைவி செங்கமலம். வயது முப்பத்தெட்டு. நிஜ ரயில்வேயில், கூட்ஸ் யார்டில் ஷண்டிங் மாஸ்டர். வேகன்களைப் பிரித்து, கோத்து, லைன் மாற்றி அனுப்புகிற வேலை. அதனால் சங்கத்தில் எல்லாருக்கும் அவர் 'மாஸ்டர்'தான். எழுபது வயதுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இருதயராஜ் அங்கே சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்தேழு. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். நூலளவு பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. முப்பது வருஷமாகத் தனியாக உட்கார்ந்து, தனியாகச் செய்து, தனியாகவே திருப்திப்பட்டுப் பழகிய மனிதர். ஆனால் தன்னைவிடப் பத்தொன்பது வயது சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

"மாஸ்டர், நம்மகிட்ட யார்டு இல்லையே," என்றார் ஒருநாள்.

இல்லைதான். வண்டிகள் ஒதுங்கி நிற்க இடமே கிடையாது. ஓடுகிற வண்டியைக் கையால் எடுத்துப் பெட்டிக்குள் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தண்டவாளத்தில் ஏற்ற முடியும்.

"நான் கட்டட்டுமா?"

"கட்டுங்கண்ணே."

"எப்படிக் கட்டணும்?"

மாஸ்டர் ஒரு வேகனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதைக் கேட்டுக் கேட்டுக் கட்டுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டார். வேகனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று பலகை. பன்னிரண்டு அடி. ஏழு லைன். வீட்டுச் சாப்பாட்டு மேசை யார்டாக மாறியது. மனைவி ரெஜினா தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள்.

மூன்றாவது மாதம் அவர் மாஸ்டரைத் தேடிப் போனார்.

"எஞ்சின் நல்லாத்தான் போகுது. ஆனா எப்பவாவது ஒரு வேகன் தடம் புரளுது. எங்கன்னு பிடிபட மாட்டேங்குது."

மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். முதல் வேலையாகக் கரண்டை நிறுத்தினார்.

"விரலால தள்ளுங்க."

இருதயராஜ் ஒற்றை விரலால் வேகனைத் தள்ளினார். நாலாவது லைனில் ஓரிடத்தில் வேகன் சின்னதாக ஒரு துள்ளு துள்ளியது. விரலில் அது தெரிந்தது.

"எஞ்சின் போகுறப்ப இது தெரியலையே, மாஸ்டர்?"

"அதுக்குப் பலம் ஜாஸ்திண்ணே. மேடு பள்ளத்தை வெளிய சொல்லாது."

அன்றைக்கு ராத்திரியே நாலாவது லைனைப் பிரித்துப் போட்டார் இருதயராஜ்.

எட்டாவது மாதம் யார்டு முடிந்தது. பல் அச்சு எடுக்கிற மாவில் வார்த்த பிளாட்பாரச் சுவர். பல் ராவுகிற மெஷினில் செதுக்கிய தண்டவாளக் கட்டைகள். ஈறு செய்கிற ரோஸ் பிளாஸ்டிக்கில் ஏழு லீவர், லைனுக்கு ஒன்று. முப்பத்திரண்டு வேகன்களை நிறம் பிரித்து, ஏழு லைனிலும் சரம் சரமாக நிறுத்தினார். பழுப்புக்குப் பக்கத்தில் பச்சை, அதற்கு அடுத்து நீலம். தள்ளி நின்று பார்த்தார். ரெஜினாவைக் கூப்பிட்டுக் காட்டப் போனவர், மனசை மாற்றிக்கொண்டார்.

"கண்காட்சியில வந்து பாரு. சாயங்காலம் நாலு மணிக்கு வா," என்றார்.

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில், கீழே இருந்த சாப்பாட்டுக் கூடத்தில். காலை பத்தரைக்கு இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து நூற்றிருபது பிள்ளைகள் வருவதாக ஏற்பாடு. ஏழு மணிக்கே பலகைகள் வந்து இறங்கின. எல்லாருடையதையும் சேர்த்துப் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் நாலு கால், ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ட். போல்ட்டைத் திருகினால் பலகை ஏறும், இறங்கும்.

இருதயராஜ் தன் மூன்று பலகைகளையும் நிறுத்தி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. குறுக்கே வைத்தார். அப்போதும் நடுவில்தான்.

அவருக்கு அடுத்த பலகை ஷாஜகானுடையது. அவர் மெத்தை தைப்பவர். பழைய கதவு ஒன்றின் மேல் தண்டவாளம் போட்டு, பச்சைச் சாயம் ஏற்றிய இலவம் பஞ்சில் மலை கட்டி, மலையடியில் ஒரு பஞ்சாலை வைத்திருந்தார். மலை கொஞ்சம் கோணல். ஆலை ரொம்பவே கோணல்.

இரண்டு பலகைகளையும் நெருக்கிச் சேர்த்தபோது யார்டு கால் அங்குலம் உயரத்தில் நின்றது. வேகனைத் தள்ளினால் மலைமேல் குப்புற விழுந்தது.

"அண்ணே, உங்க பக்கம் கொஞ்சம் எறக்கணும் போலிருக்கு," என்றார் ஷாஜகான்.

"என்னுது சரியா இருக்கு, பாய். நீங்கதான் ஏத்தணும்."

"நான் எனக்கு அடுத்த பலகைக்குச் சமமா வச்சிருக்கேன். அது அதுக்கு அடுத்ததுக்குச் சமம்."

"குமிழியைப் பாருங்க." இருதயராஜ் ரசமட்டத்தை நீட்டினார். "இந்தக் கூடத்துல மட்டமா இருக்கறது என்னுது மட்டும்தான்."

பேச்சுச் சத்தம் கேட்டு மாஸ்டர் வந்தார். ரசமட்டத்தை வாங்கினார். யார்டின் மேல் வைத்துப் பார்த்தார். ஷாஜகானுடைய பலகையில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணன் சொல்றது சரிதான்," என்றார். "அவருது மட்டும்தான் மட்டமா இருக்கு."

இருதயராஜுக்கு நெஞ்சு நிறைந்தது.

"அப்ப மத்த பதிமூணு பலகையையும் அண்ணன் மட்டத்துக்குக் கொண்டுவந்துடலாம். எல்லாரும் படுங்க."

சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்பேனரோடு ஷாஜகானின் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். ஷாஜகான் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே அவரும் படுத்தார். அடுத்த பலகைக்காரர் படுத்தார். அதற்கு அடுத்தவரும் படுத்தார். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கப் பலகைகளுக்கு வெளியே கால்கள்தான் நீட்டிக்கொண்டிருந்தன. போல்ட் திருகுகிற சத்தம் கீச் கீச்சென்று கேட்டது.

ஐம்பத்தேழு வயது மனிதர் ஒருவர் மட்டும் கையில் ரசமட்டத்தோடு நின்றார்.

பலகைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஆனால் யார்டிலிருந்து தள்ளிப் போகப் போக, கூடுதலாக உயர்த்த வேண்டியிருந்தது. அது சாப்பாட்டுக் கூடம். பந்தி முடிந்து கழுவிவிட்டால் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகத்தான் போட்டிருந்தார்கள். தூரத்து மூலையில், தண்ணீர் போகிற ஓட்டைக்குப் பக்கத்தில் நின்ற பலகையின் போல்ட், திருகத் திருக நீண்டு, கடைசியில் கழன்றே விழுந்தது. உருண்டு போய் ஓட்டையின் கம்பி வலை மேல் நின்றது.

"மாஸ்டர், இதுக்கு மேல போல்ட் இல்ல!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"செங்கல் ஏதாவது கிடைக்குதான்னு பாருங்க," என்றார் மாஸ்டர், படுத்தபடியே.

மணி ஒன்பது ஐம்பது.

இருதயராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். குனிந்தது போதவில்லை. தவழ்ந்து பலகைக்கு அடியில் போனார். மாஸ்டரின் முகம் பக்கத்தில் இருந்தது. நெற்றியில் ஒட்டடை.

"மாஸ்டர், எழுந்திருங்க."

"இருங்கண்ணே, இன்னும் ரெண்டு சுத்து."

"இது நடக்காது. தரை எங்கயோ போகுது."

"உங்க மட்டம் சரிதானே?"

"சரிதான்."

"அப்ப செஞ்சுதானே ஆகணும்?"

மாஸ்டர் ஸ்பேனரை நிறுத்தினார்.

"அண்ணே, பல்லு வைக்கிறப்ப ரசமட்டம் வச்சுப் பாப்பீங்களா?"

இருதயராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயிக்குள்ள யாராச்சும் ரசமட்டம் வைப்பாங்களா, மாஸ்டர்?"

"பின்ன எப்படிப் பாப்பீங்க?"

"நீலத்தாள் இருக்கு. புதுப் பல்லுக்கும் எதிர்ப் பல்லுக்கும் நடுவுல வச்சுக் கடிக்கச் சொல்லுவாங்க. எங்க இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும். அந்த இடத்தைத் தேச்சு..."

நிறுத்தினார்.

மாஸ்டர் ஸ்பேனரை அவரிடம் நீட்டினார்.

இருதயராஜ் தவழ்ந்து வெளியே வந்தார். முட்டியில் கரி, சட்டையில் தூசி. கூடத்தைப் பார்த்து உரக்கக் கூவினார்.

"எல்லாரும் பழையபடி எறக்கிடுங்கப்பா! நான் வர்றேன் உங்க உசரத்துக்கு!"

பலகைகளுக்கு அடியிலிருந்து ஒரு ஆரவாரம் எழுந்தது. நீட்டிக்கொண்டிருந்த கால்களெல்லாம் ஆடின.

அவர் தன் யார்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தார். எட்டு மாதத்தில் அந்தப் பலகைகளை அடியிலிருந்து அவர் பார்த்ததே இல்லை. ஷாஜகான் மேலே இணைப்பில் விரலை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, போல்ட்டைத் திருகினார்.

"எறக்குங்கண்ணே... இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஆங், போதும் போதும்! பொண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி நிக்குது!"

அப்புறம் பையைத் திறந்து நீலத்தாளை எடுத்தார். இணைப்பின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, அதன்மீது வேகனை உருட்டினார். தாளை எடுத்தால், ஒரு தண்டவாள முனையில் கடுகளவு நீலம். சின்ன அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"என்னண்ணே, ரயிலுக்குப் பல் வைத்தியமா?" என்றார் ஷாஜகான்.

"வாயைத் திறக்கச் சொல்லு உன் மலையை," என்றார் இருதயராஜ். பாயை அவர் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

இப்போது யார்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூன்றாவது லைனில் நின்ற ஒரு வேகன் யாரும் தொடாமலே மெதுவாக நகர ஆரம்பித்தது. அவர் பல் பிரஷ் ஒன்றிலிருந்து இரண்டு முடியை நறுக்கி, தண்டவாளங்களுக்கு நடுவில் நட்டார். வேகனின் அடிப்பக்கம் முடியில் உரசியது. நின்றுவிட்டது.

ரசமட்டத்தைத் திரும்ப எடுத்து வைத்துப் பார்க்கக் கை துடித்தது. அடக்கிக்கொண்டு, அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பத்தேகாலுக்கு முதல் வண்டி கிளம்பியது. யார்டின் இரண்டாவது லைனிலிருந்து வெளியே வந்து, இணைப்பைத் தாண்டியது. ஒரு சத்தம் இல்லை. பஞ்சு மலையைச் சுற்றி, பாலம் ஏறி, காடு புகுந்து, கூடத்தை முழுசாக வலம் வந்து, யார்டின் மறுமுனையில் நுழைந்தது. பதினோரு பேரும் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பள்ளிக்கூடப் பஸ் நின்றது.

அதற்குப் பிறகு இருதயராஜுக்கு மூச்சுவிட நேரமில்லை.

"யார்டு! என் ஆலைக்கு நாலு வேகன் அனுப்புங்க!" ஷாஜகானின் குரல்.

"யார்டு! துறைமுகத்துக்கு டேங்கர் ரெண்டு!"

"யார்டு! கரி வண்டி எங்க?"

பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். "யார்டு! யார்டு!" லீவரைத் தள்ளினார், இழுத்தார், கோத்தார், பிரித்தார். பழுப்பும் பச்சையும் நீலமும் எப்படிக் கலந்தன என்று அவருக்கே தெரியாது. மதியம் யாரோ சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரு கையால் சாப்பிட்டார்.

நாலு மணிக்கு ரெஜினா வந்தாள். பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள்.

"எங்கங்க உங்க யார்டு?"

"இதோ," என்று பெருமையாகத் திரும்பினார்.

ஏழு லைனும் வெறுமையாகக் கிடந்தன. ஒரு வேகன் இல்லை. முப்பத்திரண்டும் கூடத்தில் எங்கெங்கோ இருந்தன. சில மலையடியில், சில பாலத்தின் மேல், சில துறைமுகத்தில்.

ரெஜினா அந்த வெறும் தண்டவாளங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். அதற்குள் பஞ்சாலையில் நாலு வேகனோடு எஞ்சின் கூவிக்கொண்டு கிளம்ப, பிள்ளைகளின் கூச்சல் எழ, "அய்யோ, அதைப் பாருங்களேன்!" என்று அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.

இருதயராஜ் லீவரிலிருந்து கையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மாஸ்டர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"எட்டு மாசம், மாஸ்டர்," என்றார் அவர். "அவ பாக்க வந்த நேரத்துல யார்டு இப்படிக் காலியாக் கிடக்கு."

மாஸ்டர் ஏழு லைனையும் முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க கூட்ஸ் யார்டுல ஒரு வேகன்கூடத் தேங்காம இப்படி ஒருநாள் அமைஞ்சா, அண்ணே, அன்னிக்கு நான் வீட்டுக்கு இனிப்பு வாங்கிட்டுப் போவேன்."