ஆடிக்கு அழைக்கப் போன காற்று

"இந்தப் பிள்ள ஒரு வீட்டுக்குப் போனாத்தான் என் முதுகு காயும்."

மண்ணும் மலையும் பறவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரிசல் மண் ஒருநாள் இப்படிச் சொன்னாள். சொன்னது ஆள்காட்டிக் குருவியிடம். வெட்டவெளியில் முட்டையிடுகிற அந்தக் குருவி, முட்டையெல்லாம் ஈரத்தில் ஊறிக் கூமுட்டையாகிவிட்டது என்று காலையிலேயே வந்து புலம்பிக்கொண்டிருந்தது. அதற்கு ஆறுதலாக, பேச்சுக்குச் சொன்னதுதான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள்.

கரிசலின் மகள் மழை அப்போது வருஷம் முழுக்கத் தாய்வீட்டில்தான் இருந்தாள். அதிகம் பேசாத பெண். அம்மா அதைச் சொன்னபோது அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். அது கரிசலுக்குத் தெரியாது.

மேற்கே இருந்த மலை வெகுநாளாகப் பெண் கேட்டு அனுப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் மழை மாட்டேன் என்றுவிடுவாள். அந்த வாரம் ஆள் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே, "சரி" என்றாள்.

கல்யாணம் முடிந்து அவள் போனாள். கரிசலின் முதுகு நன்றாகக் காய்ந்தது. களத்தில் சோளம் காய்ந்தது. ஆள்காட்டி குஞ்சு பொரித்தது.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"சொகமா இருக்கு" என்றாள் கரிசல்.

மாசி, பங்குனி போயிற்று. மகள் இல்லாத வீடு வெறிச்சென்று இருந்தது. சாயங்காலமானால் ஏதோ சத்தம் கேட்பதுபோல் மேற்கே திரும்புவாள், ஒன்றும் இருக்காது. சித்திரையில் புல் கருகிற்று. வைகாசியில் உடம்பெல்லாம் செதில் செதிலாக உரிந்தது.

ஆடி பிறந்தது. கட்டிக்கொடுத்த பெண்ணை ஆடிக்கு அழைத்துவர வேண்டும் அல்லவா? கரிசல் தன் மகன் காற்றைக் கூப்பிட்டு, கம்பு மாவும் கருப்பட்டியும் மூட்டை கட்டிக் கொடுத்தாள்.

"அக்காவக் கையோட கூட்டிட்டு வா."

"நீ இப்படி வறண்டு கெடக்கியே, அதையும் சொல்லவாம்மா?"

"ஏலே, சம்பந்தி வீட்டுல போயி நம்ம கஷ்டத்த அவுத்து விரிப்பியா? நாளைக்கு அவளத்தான குத்திக்காட்டுவாக. நல்லா இருக்கோம்னு சொல்லு. ஒரு கொறையும் இல்லன்னு சொல்லு."

காற்று போனான். கரிசல் வாசல் பெருக்கிவிட்டு மேற்கே பார்த்திருந்தாள். மலைக்கு மேல் கருகருவென்று இருட்டிக்கொண்டு வந்தது.

"கெளம்பிட்டா போலக்கா" என்றது ஆள்காட்டி.

பொழுது சாய்கிற நேரத்தில் காற்று கணவாய் வழியாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தான். கூட யாரும் இல்லை.

"எங்கல அவ? மாப்பிள்ள விடலையா?"

"அவரு போயிட்டு வான்னுதாம்மா சொன்னாரு. அக்காவும் சேலை மாத்திட்டுக் கெளம்பி நின்னா. அப்ப ஒண்ணு கேட்டா."

"என்ன கேட்டா?"

"அம்மாவுக்கு முதுகு காஞ்சிருச்சான்னு. நீ சொல்லச் சொன்ன மாதிரிதாம்மா சொன்னேன், நல்லாக் காஞ்சு சொகமா இருக்கான்னு. 'அப்பச் சரி தம்பி, நீ போயிட்டு வா'ன்னுட்டு உள்ள போயிட்டா."

கரிசல் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆள்காட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

காற்றுக்குப் பொறுக்கவில்லை. "இப்பவே போயி உள்ளதச் சொல்லிருதேன்" என்று திரும்பி ஓடினான். அம்மா உரிந்துபோய்க் கிடப்பதை அக்காவிடம் சொன்னான். "அம்மா சொல்லச் சொன்னாளா, நீயாச் சொல்லுதியா?" என்று கேட்டாள் மழை. அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நானாத்தான்க்கா" என்றுவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான். மறுநாளும் போனான், மறுநாளும் தனியாகத்தான் வந்தான். ஆடி முழுக்க இதே ஓட்டம். சின்னப் பையன்தானே, வரும்போதெல்லாம் ஊளையிட்டு அழுதுகொண்டே வந்தான்.

கடைசியில் ஒரு மத்தியானம், ஊரெல்லாம் பார்த்திருக்க, கரிசல் தன் உடம்பைக் கை நுழைகிற அகலத்துக்குப் பிளந்தாள்.

"நான் வறண்டு கெடக்கேன் தாயி! நான் சொன்னது தப்பு. வந்துரு!"

மலைவீடு முழுக்க அது கேட்டது. ஆனால் ஆடி முடிந்திருந்தது. அருவிகளை நிரப்புகிற வேலையை மழையால் பாதியில் விட முடியவில்லை. ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி வந்தாள். ஆடி அழைப்புக்குப் போகாதவள் இப்போது கிளம்ப வெட்கப்பட்டு, புருஷன் வீட்டு வாசல் வழியாக வராமல், கடல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நாள் இருந்தாள். "இன்னும் ரெண்டு நாள் இரேன்" என்றாள் கரிசல். மழை சிரித்தாள், கார்த்திகை முடிவதற்குள் மூட்டை கட்டிவிட்டாள்.

அன்று முதல்தான், ஆடியில் இந்தச் சமவெளிக்குக் காற்று மட்டும் வெறுங்கையோடு வருகிறான். மழை ஐப்பசிக்கு விருந்தாளியாக வந்து போகிறாள். அவள் போன பிறகு கரிசல் காய்ந்து, பிளந்து, மேற்கே பார்த்துக் கூப்பிடுகிறாள்.