தோகை உதிரும் வரை

ஒரு காட்டில் கரடி ஒன்று மயிலிடம் வேலைக்குச் சேர்ந்தது. என்ன வேலை தெரியுமா, குழந்தைகளே? மயில் நடக்கும்போது பின்னாலேயே போய், தோகை மண்ணில் படாமல் தூக்கிப் பிடிக்கிற வேலை. சிரிக்காதீர்கள். சேருகிற அன்று கரடி சிரிக்கவில்லை. மிகவும் பெருமையாகத்தான் சேர்ந்தது.

கரடியின் பெயர் மொந்தன். உடம்பு பருமன், மனசு வெள்ளை. மயிலின் பெயர் பவிசு. ஒரு குட்டையைக் கண்டால் போதும், குனிந்து தன் முகத்தைப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டுத்தான் அப்பால் போகும்.

அந்தக் காட்டில் ஒப்பந்தம் போட ஒரு வழக்கம் இருந்தது. இருவரும் பெரிய புற்றுக்குப் போவார்கள். அங்கே குடியிருக்கும் உடும்பின் முன்னால் தங்கள் பேச்சைச் சொல்லிவிட்டு, புற்றை மூன்று முறை தட்டுவார்கள். அவ்வளவுதான். ஆனால் கெடு முடியும் முன்னே யாராவது பேச்சை முறித்தால், உடும்பு அவர் முதுகில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். கெடு முடிகிற வரை இறங்காது. உடும்புப் பிடி எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

"மயிலாரின் தோகை உதிரும் வரை நான் தூக்கிப் பிடிப்பேன்" என்றது மொந்தன்.

"அதுவரை என் நாவல் மரத்துப் பழங்களில் தினம் ஒரு குவியல் கொடுப்பேன்" என்றது பவிசு.

தட், தட், தட்.

உடும்பு தலையை ஆட்டியது. பேசவில்லை. யாராவது கேட்டால்தான் அது பேசும். கேட்காதவர்களிடம் வாயே திறக்காது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை பவிசு ஊர்வலம் புறப்பட்டது. மொந்தன் தோகையைத் தூக்கியது. தோகையின் மெல்லிய இழைகள் அதன் மூக்கில் நுழைந்தன.

"ஹா... ஹா... ஹச்சூ!"

தோகை முழுவதும் பறந்து மயிலின் தலைக்கு மேல் கவிழ்ந்தது.

"புறப்படும்போது தும்மிவிட்டாயே! ஆகாதே!" என்று பதறியது பவிசு. உட்கார்ந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தது. எழுந்து மறுபடி புறப்பட்டது.

"ஹச்சூ!"

மறுபடி உட்கார்ந்தது. மறுபடி தண்ணீர். உச்சிப்பொழுது வந்தபோது மயிலின் வயிறு குடம் போல ஆகியிருந்தது. ஊர்வலம் மட்டும் நாவல் மரத்து நிழலைத் தாண்டவில்லை.

சில நாட்களில் மொந்தனுக்கு வேலை கசந்துவிட்டது. கரடி என்றால் மரம் ஏற வேண்டாமா? புற்றைத் தோண்ட வேண்டாமா? இரண்டு கையிலும் எந்நேரமும் இன்னொருவர் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றால் அது என்ன பிழைப்பு?

அதுகூடப் பரவாயில்லை. ஆற்றங்கரை மருத மரத்தில் பெரிய தேன்கூடு ஒன்று தொங்கியது. மொந்தன் ஆண்டு முழுவதும் ஏங்குவது அந்தத் தேனுக்குத்தான். மழை தொடங்கினால் தேனீக்கள் தேனைத் தாங்களே குடித்துவிடும். ஆனால் மயிலின் தோகையோ மழைக்காலம் முடிந்தபின்தான் உதிரும்.

வேலையில் இருந்தால் தேன் போச்சு. வேலையை விட்டால் முதுகில் உடும்பு. மொந்தனுக்கு அழுகையே வந்துவிட்டது.

குரங்கிடம் போய்க் கேட்டது. குரங்குக்கு ஓர் இடத்தில் இருப்பு கொள்ளாது.

"தாவிவிடு!" என்றது குரங்கு.

"எங்கே தாவுவது?"

"அதைத் தாவிய பிறகு பார்க்கலாம்!" என்று சொல்லிக்கொண்டே குரங்கு தாவியது. கிளை முறிந்து முள் புதரில் விழுந்தது. "இப்படித்தான்!" என்று புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

மொந்தன் ஆமையிடம் போனது. ஆமை அவசரம் என்றால் என்னவென்றே அறியாதது.

"பொறுத்துப் போ" என்றது ஆமை.

"எவ்வளவு நாள் பொறுப்பது?"

ஆமை யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. அது பதில் சொல்லும் முன்னே மொந்தனுக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கடைசியில் வக்கணை என்ற நரியிடம் போய் நின்றது. அந்த நரி வாயாலேயே பந்தல் போடும்.

"அட அப்பாவித் தம்பி! நீ ஏன் பேச்சை முறிக்கிறாய்? மயில் முறிக்கட்டும்" என்றது வக்கணை. "வேலையை விட்டால்தானே முறிவு? விடாமல் கெடுத்துக் கெடுத்து வை. பொறுக்க முடியாமல் மயிலே உன்னை விரட்டும். உடும்பு அதன் முதுகில் ஏறும். நீ மரத்தில் ஏறலாம்."

"அண்ணே, உங்கள் மூளையே மூளை!"

"மூளை சும்மா வருமா? தோகை உதிரும் வரை தினம் உனக்கு யோசனை சொல்கிறேன். உன் பழக் குவியலில் பாதியை எனக்குக் கொடு. பேச்சு பேச்சாக இருக்கட்டும், வா புற்றுக்கு."

தட், தட், தட். உடும்பு தலையை ஆட்டியது.

அன்று மாலையே மொந்தன் தோகையைச் சேற்றில் போட்டு இழுத்தது. பவிசின் ஒரு கண் துடித்தது. பிறகு அது பல்லே இல்லாத அலகால் ஒரு சிரிப்புச் சிரித்தது.

"பரவாயில்லை மொந்தா. தோகைக்குச் சேறு குளிர்ச்சி."

மறுநாள் மொந்தன் தோகையின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மயில் நடந்தது. கழுத்து முன்னால் போனது, உடம்பு வரவில்லை.

"ஆகா! கழுத்துக்கு இப்படி ஒரு நீட்டல் கிடைத்து எத்தனை நாளாயிற்று!" என்றது பவிசு. குரல் மட்டும் கீச்சென்று வந்தது.

இது என்னடா கூத்து என்று மொந்தன் விழித்தது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து இன்னும் விழித்தது.

பவிசு நெருஞ்சி முள் கிடக்கும் வழியாகவே ஊர்வலம் போகத் தொடங்கியது. உச்சி வெயிலில் மொட்டைப் பாறையில் நின்று ஆடியது.

"மேகமே இல்லையே ஐயா!" என்றது மொந்தன், கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தபடி.

"மேகம் வந்தபின் ஆட எல்லா மயிலுக்கும் தெரியும்" என்றது பவிசு. அதற்கும் கால் சுட்டது. ஆனாலும் ஆடியது.

மொந்தன் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், அதன் காதுக்குள் அலகை விட்டு அகவியது. மொந்தன் துள்ளி எழுந்து, "என்ன குரல் ஐயா! தேன் மாதிரி..." என்று வழியும். தேன் என்ற சொல்லைக் கேட்டதும் அதற்கே வாயில் எச்சில் ஊறி, முகம் சுருங்கிவிடும்.

கரடி சேற்றில் இழுக்கும், மயில் சிரிக்கும். மயில் முள்ளில் நடக்கும், கரடி சிரிக்கும். இரண்டும் இளைத்துத் துரும்பாகிப் போயின. நரி மட்டும் நாளுக்கு நாள் பெருத்தது. அது கொட்டாவி விட்டால் நாக்கு நாவல் பழச் சாயத்தில் ஊதாவாகத் தெரியும். தினம் யோசனை வேறு: "விட்டுவிடாதே தம்பி! இன்னும் கொஞ்சம் கெடு!"

ஒரு நாள் வானம் கறுத்தது. பவிசு அன்று மருத மரத்தடியில் நின்று தோகையை விரித்தது. மேலே தேன்கூடு. தேனின் வாசம் இறங்கி வந்து மொந்தனின் மூக்கைத் தொட்டது. இடி இடித்தது. முதல் துளி மொந்தனின் மூக்கு நுனியில் விழுந்தது.

மொந்தனால் அதற்கு மேல் முடியவில்லை. தோகையைக் கீழே போட்டது.

"ஐயா, எனக்கு இந்த வேலை பிடிக்கவில்லை!" என்று கத்தியது.

அதே மூச்சில் பவிசும் கத்தியது. "எனக்கு உன்னைப் பிடிக்கவில்லை!"

இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டன. பொத்தி என்ன பயன்? புற்றிலிருந்து உடும்பு புறப்பட்டு, வாலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கரடியின் முதுகைப் பார்த்தது. மயிலின் முதுகைப் பார்த்தது. சும்மா நின்றது.

மொந்தன் தன் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டது: "உடும்பாரே, யார் முதுகு?"

கேட்டுவிட்டதல்லவா, உடும்பு பேசியது. "இருவர் சேர்ந்து போட்ட முடிச்சு. இருவரும் சேர்ந்து அவிழ்த்தால் யார் முதுகிலும் எனக்கு வேலை இல்லை."

"இவ்வளவுதானா!" என்று அலறியது பவிசு. "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?"

"நீங்கள் ஏன் முன்பே கேட்கவில்லை?"

"நான் கேட்காத ஆளா?" என்றது மொந்தன். "குரங்கைக் கேட்டேன். ஆமையைக் கேட்டேன். வக்கணை அண்ணனைக் கேட்டேன்."

பவிசு கழுத்தைத் திருப்பியது. "யாரை?"

"நரியைத்தான். நீங்களே என்னை விரட்டும்படி வேலையைக் கெடுக்கச் சொன்னது."

"என்னிடமும் அதுதானே சொன்னது! நீயே ஓடும்படி உன்னை வதைக்கச் சொன்னதே! நீ தும்மித் தும்மி நான் தண்ணீர் குடித்தே செத்துக்கொண்டிருந்தேன். பெண் மயில்களெல்லாம், தும்மல் சத்தம் கேட்டால் பவிசு வருகிறது என்று சிரித்தன. உன்னை விரட்டினால் உடும்பு என் முதுகில் ஏறுமே, தோகை என்ன ஆகும் என்று பயந்துதான் பொறுத்தேன்."

"யோசனைக்குக் கூலியாக உங்களிடம் என்ன வாங்கியது?"

"தோகை உதிரும் வரை தினம் பாதிப் பழம்."

"என்னிடமும்தான்!"

இரண்டும் மெல்லத் திரும்பிப் பார்த்தன. பக்கத்துப் புதருக்குள் ஓர் ஊதா நாக்கு உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, எனக்கும் சந்தோஷம்" என்றது வக்கணை. "நானும் வருகிறேன்" என்று சொல்லி ஓட்டம் பிடித்தது.

நாலு அடி போயிருக்காது. பொத்தென்று அதன் முதுகில் ஏதோ விழுந்தது. நான்கு கால் நகங்களும் ரோமத்தில் மாட்டிக்கொண்டன.

"ஐயோ! என்னை ஏன் பிடிக்கிறீர்கள், உடும்பாரே?"

கேட்டுவிட்டதல்லவா? "தோகை உதிரும் வரை தினம் யோசனை சொல்வதாக நீதான் புற்றைத் தட்டினாய், கரடியோடு ஒரு தடவை, மயிலோடு ஒரு தடவை" என்றது உடும்பு. "பாதியில் ஓடுகிறாயே."

அதற்குள் மொந்தன் மருத மரத்தில் பாதி ஏறிவிட்டது. கூட்டை எட்டிப் பார்த்தது. முழுக் கூடாக இருந்தது இப்போது அரைக் கூடாக ஆகியிருந்தது. மழை வாசனை அடித்ததும் தேனீக்கள் பாதியைக் குடித்துவிட்டன.

"அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்..." என்று மொந்தன் விம்மியது. விம்மிக்கொண்டே நக்கியது. நக்க நக்க விம்மல் குறைந்தது. கீழே மயிலுக்கும் ஒரு தேனடைத் துண்டைப் போட்டது.

மயிலுக்குத் தேன் பிடிக்காது. ஆனாலும் ஒரு கொத்துக் கொத்தி, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றது.

மழைக்காலம் முடிந்தது. அந்த ஆண்டு பவிசு மிக மெதுவாக நடந்தது. புதர் பக்கமே போகவில்லை. ஓர் இறகைக்கூட உதிரவிடாமல் பொத்திப் பொத்திக் காத்தது.

அதன் பின்னாலேயே, முதுகில் உடும்போடு நரி ஒன்று, தோகையை விட்டுக் கண்ணை எடுக்காமல் தினமும் நடந்து போனது.

"மயிலாரே, இன்றைக்காவது ஒன்று உதிருமா?"

"அவசரம் என்ன?" என்றது பவிசு.

நீதி: பிடிக்காத வேலையை விடுவதா வேண்டாமா என்று காட்டையெல்லாம் கேட்டுத் திரிவதைவிட, வேலை கொடுத்தவரிடம் நேரில் ஒரு வார்த்தை சொல்வதே மேல்.