குற்றாலிங்கத்தின் வயிறு

மலையடிவார மடத்தில் குற்றாலிங்கம் பதினோரு வருடம் சமையல் பார்த்தார். வருகிறவர்களுக்கெல்லாம் வயிறாரப் பரிமாறுவார். அவருக்கு மட்டும் இரண்டு கவளம் உள்ளே போனால் போதும், நெஞ்சு வரை எரியும். புளித்த ஏப்பம் விடாது.

"எரியறது வயிறு இல்லப்பா, மனசு. ஆசையைக் குறை," என்றார் குரு.

குற்றாலிங்கம் ஆசையைக் குறைத்தார். பிறகு உப்பைக் குறைத்தார். கடைசியில் சோற்றையே குறைத்தார். எரிச்சல் குறையவில்லை.

மடத்துக்கு வருமுன் இருபது வருடம் நர்ஸாக இருந்தவள் தில்லைநாயகி. ஒருநாள் குருவிடம் சொன்னாள். "வயித்துல கிருமி இருந்தாலும் இப்படி எரியும் சாமி. ஆஸ்பத்திரியில ஒருதரம் காட்டிரலாமே."

குரு சிரித்தார். அவள் மேலே பேசவில்லை.

குற்றாலிங்கமும் ஒட்டிய வயிற்றைத் தடவிக்கொண்டே அவளிடம் சொன்னார். "எனக்கு இன்னும் ஆசை விடல தாயி. அதான் எரியுது."

மாசி மாதத்தில் ஒருநாள், உலை கொதித்துக்கொண்டிருந்தபோது ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். தில்லைநாயகிதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். மூன்றாம் நாள் உயிர் போய்விட்டது.

"கிருமியால வந்த புண்ணும்மா," என்றார் டாக்டர். "முன்னாடியே வந்திருந்தா ரெண்டு வார மாத்திரையில சரியாகியிருக்கும்."

அடக்கம் முடிந்ததும் அவள் குருவின் முன் போய் நின்றாள். வணங்கவில்லை. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் சாமி. நீங்க சிரிச்சதும் வாயை மூடிக்கிட்டேன். இந்தப் பாவம் உங்களுதா, என்னுதா?"

குரு அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மறுநாள் தரிசனத்துக்கு நல்ல கூட்டம். பீடி சுற்றும் பெண் ஒருத்தி மேல்வயிற்றைப் பிடித்தபடி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எட்டு வருசமா எரியுது சாமி. எதைத் தின்னாலும் ஒத்துக்கல."

குரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வாம்மா, ஆஸ்பத்திரிக்குப் போவோம். தில்லைநாயகி, நீயும் வா. அங்க என்ன கேக்கணும்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் பதறிப்போனாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு சாமி அலையணும்? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். எல்லாம் சரியாப் போயிரும்."

"குற்றாலிங்கத்துக்கும் ஒரு வார்த்தைதாம்மா சொன்னேன்," என்றார் குரு.